ஐஸ் வைத்த வீடும் தறி போட்ட வீடும்



சென்ற காலாண்டில் நம் குடியிருப்பிலிருந்து மூத்தவர்கள் 14 பேர் ஒரு வேன் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போய் வந்தோம். காலையில் மயிலாப்பூர், மதியச் சாப்பாடு, பிறகு மெரினா கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லம். டிரைவர் ஓர் ஆட்டோக்காரரிடம் வழி கேட்டார். "ஐஸ் ஹவுஸ்தானே? நேரா போங்க" என்றார் அவர்.

எங்களோடு பேரன் ஒருவனும் வந்திருந்தான். ஆறாம் வகுப்பு. அவன் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஐஸ் எங்கே தாத்தா?" என்று கேட்டான். அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டியை இங்கேதான் வைத்திருந்தார்கள் என்று சொன்னேன். அவன் விடவில்லை. "ஐஸ் வைக்கிற இடத்துல எதுக்கு இவ்வளவு ஜன்னல்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு தேடிப் படித்தேன். அந்தப் பையன் கேட்டது, பழைய கட்டடங்களை ஆராய்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு கட்டடத்தில் அதன் வேலைக்குப் பொருந்தாத ஒன்று இருந்தால், அங்கே வேறொரு வேலை நடந்திருக்கிறது என்று பொருள். அந்த ஜன்னல்களைப் பிடித்துக்கொண்டு போனால் 180 வருடக் கதை வருகிறது. அதை எழுதத்தான் இந்தக் கட்டுரை. கடைசியில் நம் ஊருக்கும் வருகிறேன்.

வீட்டைப் படிப்பது எப்படி?

நான் வணிகவியல் படித்தவன். கட்டடக்கலை தெரிந்தவன் இல்லை. ஆனால் வங்கியில் வீட்டு அடமானக் கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, நான்கெல்லை, கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்று பழைய பத்திரங்களைப் படித்துப் படித்து, வீட்டைப் பார்க்காமலேயே வீட்டை மனதில் கட்டிவிடும் பழக்கம் வந்துவிட்டது.

கட்டட ஆய்வாளர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். அவர்களுக்குப் பத்திரத்தோடு சுவரும் ஒரு ஆவணம். முதலில் டேப் வைத்து முழு வீட்டையும் அளந்து வரைபடம் போடுவார்கள். அளந்தால் கண்ணுக்குத் தெரியாதது தெரியும். ஒரு சுவர் இரண்டடி கனம், பக்கத்துச் சுவர் ஒன்பது அங்குலம் என்றால் இரண்டும் ஒரே காலத்துச் சுவர் இல்லை. அடுத்து, எதை வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். சுண்ணாம்புக் காரையா, சிமெண்டா? செங்கல் பழைய மெல்லிய செங்கலா, இன்றைய சூளைச் செங்கலா? கூரை தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸா, கான்கிரீட் தளமா? மூடிய வாசல், பாதியில் நிற்கும் வளைவு, எங்கேயும் போகாத படிக்கட்டு, ஓரிடத்தில் மட்டும் மாறியிருக்கும் தரை எல்லாம் சாட்சி.

வங்கிப் பேரேட்டில் தப்பாக எழுதிய கணக்கை அழிக்க மாட்டோம். குறுக்கே கோடு போட்டு, மேலே திருத்தி, பக்கத்தில் கையெழுத்து வைப்போம். பழையதும் தெரியும், புதியதும் தெரியும். வீடுகளும் பெரும்பாலும் அப்படித்தான் திருத்தப்படுகின்றன. கையெழுத்து மட்டும் இருக்காது.

இந்தக் கண்ணோடு ஐஸ் ஹவுஸைப் பார்ப்போம்.

ஜன்னல் இல்லாத காலம்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வியாபாரி பிரெடரிக் டியூடர். குளிர்காலத்தில் அங்கே ஏரிகள் உறைந்துவிடும். அதை வெட்டி வெயில் நாடுகளுக்கு விற்றால் என்ன என்று யோசித்தவர். 1806-ல் கரீபியன் தீவான மார்டினிக்குக்கு முதல் கப்பலை அனுப்பினார். ஊரே சிரித்தது, நஷ்டமும் வந்தது. ஆனாலும் அவர் விடவில்லை. ஏரிப் பனியைக் குதிரை பூட்டிய கலப்பை போன்ற கருவியால் ஒரே அளவுக் கட்டிகளாக வெட்டும் முறை பிறகு வந்தது. கட்டிகள் இடைவெளி இல்லாமல் அடுக்கப்பட்டதால் உருகுவது குறைந்தது. சுற்றிலும் மரத்தூள். நியூ இங்கிலாந்தில் மர அறுவை ஆலைகள் நிறைய இருந்ததால் மரத்தூளுக்கும் பஞ்சமில்லை.

1833-ல் டஸ்கனி என்ற கப்பல் சுமார் 180 டன் ஐஸுடன் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பியது. அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. ஆப்பிரிக்காவைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து, நான்கு மாதம் கழித்துக் கல்கத்தா வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சமிருந்தது. பாதிக்கு மேல் பிழைத்தது! அதோடு வியாபாரம் சூடு பிடித்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று இடத்திலும் ஐஸ் கிடங்குகள் எழுந்தன. சென்னையில் கட்டியது 1842-ல். மூன்றில் இன்றுவரை நிற்பது சென்னைக் கட்டடம் மட்டும்தான்.

வால்டன் என்ற குளத்தின் கரையில் குடிசை போட்டு வாழ்ந்து அதைப் பற்றிப் புத்தகம் எழுதிய அமெரிக்க எழுத்தாளர் தோரோவைச் சிலர் படித்திருப்பீர்கள். 1846-47 குளிர்காலத்தில் டியூடரின் ஆட்கள் அந்தக் குளத்திலும் ஐஸ் வெட்டினார்கள். 1854-ல் வெளிவந்த அந்தப் புத்தகத்தில் சென்னையின் பெயரும் வருகிறது. அவர் குளித்த குளத்து நீரை இங்கே ஒரு கலெக்டரோ, ஒரு மருத்துவமனை நோயாளியோ குடித்திருக்கலாம்.

ஐஸ் கிடங்குக்கு என்ன வேண்டும்? தடித்த சுவர், இருட்டு, காற்று நுழையாத உட்புறம். அதனால் அன்றைய கட்டடத்தில் ஜன்னல்களுக்கு வேலையே இல்லை. அந்தப் பையனின் கேள்விக்குப் பாதி பதில் இது: ஜன்னல்கள் பிறகு வந்தவை.

இன்னொன்றும் கவனிக்கலாம். இன்று அந்தக் கட்டடத்திலிருந்து கடல் நீரைத் தொட வேண்டுமானால் அகலமான சாலையைக் கடந்து, மணலில் கால் வலிக்க நடக்க வேண்டும். கப்பலிலிருந்து இறக்கும் ஐஸை வைக்கக் கட்டிய இடம் ஏன் கடலை விட்டு இவ்வளவு தள்ளி இருக்கிறது? தள்ளிப் போனது கட்டடம் அல்ல, கடல். அப்போது சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கயிற்றால் தைத்த மசூலா படகுகள் அலையைத் தாண்டிச் சென்று சரக்கை ஏற்றி வரும். ஐஸும் அப்படித்தான் வந்தது. கரையில் இறக்கியதும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம், அதனால் கிடங்கு கரையை ஒட்டியே இருந்தது. 1875-க்குப் பிறகு துறைமுகச் சுவர்களைக் கட்ட ஆரம்பித்ததும் அதன் தெற்கே மணல் சேர்ந்து கரை அகலமானது. கவர்னர் கிராண்ட் டப் 1880-களில் அங்கே நடைபாதை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தார். ஒரு கட்டடம் எங்கே நிற்கிறது என்பதைக் கவனித்ததில் ஒரு கடற்கரையின் வரலாறே கிடைத்துவிட்டது.

வக்கீல் வாங்கிய கிடங்கு

1870-களில் நீராவி இயந்திரத்தைக் கொண்டு இந்தியாவிலேயே ஐஸ் செய்ய ஆரம்பித்தார்கள். நான்கு மாதப் பயணம் செய்து வரும் ஏரி ஐஸுக்கு யார் காசு கொடுப்பார்கள்? டியூடர் கம்பெனியின் வியாபாரம் படுத்தது. ஜன்னல் இல்லாத ஒரு பெரிய கட்டடம் கடற்கரையில் சும்மா நின்றது.

அதை வாங்கியவர் சென்னை உயர்நீதிமன்ற வக்கீல் பிலிகிரி ஐயங்கார். கிடங்கை வீடாக்க வேண்டும். வளைந்த தாழ்வாரங்களைச் சேர்த்தார், சுவரில் நிறைய ஜன்னல்கள் வைத்தார். பையனின் கேள்விக்கு மீதிப் பதில் இதுதான். ஐஸுக்குக் காற்று எதிரி. மனிதனுக்குக் காற்று வேண்டும். உயர்நீதிமன்ற நீதிபதி கெர்னன் மீது இருந்த மரியாதையால் வீட்டுக்கு "காசில் கெர்னன்" என்று பெயரிட்டார். ஒரு பகுதியில் வசதியில்லாத மாணவர்களுக்குத் தங்க இடம் கொடுத்தார்.

கிடங்காகப் பிறந்த கட்டடம் லேசில் வீடாகிவிடாது. எவ்வளவு ஜன்னல் வைத்தாலும் தடித்த சுவர் தடித்த சுவர்தான். நம் குடியிருப்பில் கார் நிறுத்தும் இடத்தைத் தடுத்து அறை கட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எதற்காகக் கட்டினார்களோ அந்தக் குணம் கட்டடத்தை விட்டுப் போகாது.

ஒன்பது நாளும் பத்து வருடமும்

1893-ல் சிகாகோ சர்வமத மாநாட்டில் பேசிப் புகழ்பெற்ற சுவாமி விவேகானந்தர், 1897 ஜனவரி 26-ல் பாம்பனில் வந்து இறங்கினார். ராமநாதபுரம், மதுரை, கும்பகோணம் வழியாக பிப்ரவரி 6-ல் சென்னை வந்தார். அவரைத் தங்கவைத்தது காசில் கெர்னனில். சுமார் ஒன்பது நாள் அங்கே இருந்தார். பார்க்க வந்த கூட்டத்துக்கு அளவில்லை. பிறகு கப்பலில் கல்கத்தா புறப்பட்டார்.

அவர் சென்னையில் இருந்தபோது, இங்கேயும் ஒரு மடம் வேண்டும் என்று அன்பர்கள் கேட்டார்கள். அதன்படி தம் சகோதரத் துறவி சுவாமி ராமகிருஷ்ணானந்தரை அனுப்பிவைத்தார். அவர் 1897 மார்ச்சில் வந்து, தென்னிந்தியாவின் முதல் ராமகிருஷ்ண மடத்தை இதே கட்டடத்தில் நடத்தினார். பிலிகிரி ஐயங்கார் காலமான பிறகு வீடு ஏலத்துக்கு வந்தது. கடைசியில் 1907-ல் மடம் மயிலாப்பூரில் தனக்கென்று கட்டிய இடத்துக்குப் போனது.

வீட்டின் பழைய கூடத்தில் பூஜை, பஜனை, வகுப்பு. ஐஸ் இருந்த இடத்தில் விளக்கு. இந்தப் பத்து வருடத்துக்காகச் சுவரை யாரும் இடித்துக் கட்ட வேண்டியிருக்கவில்லை. சில உபயோகங்கள் கட்டடத்தில் தழும்பே விடாமல் போய்விடும். அவற்றை எழுத்தும் ஆட்களின் நினைவும்தான் காப்பாற்ற வேண்டும். சுவர் எல்லாவற்றையும் சொல்லாது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெயர் வைக்காத காலம்

எனக்கு மிகவும் மனதில் பட்ட பகுதி இதற்குப் பிறகு வருகிறது.

சகோதரி சுப்புலட்சுமி 1886-ல் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே கல்யாணம், சில காலத்திலேயே கணவர் இறந்துவிட்டார். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பெண் குழந்தைக்கு என்ன நடக்கும் என்பது நம் வீட்டுப் பாட்டிகளின் கதைகளில் கேட்டிருப்போம். தலைமுடியை எடுத்து, நார்மடி கட்டவைத்து, சமையலறை மூலையில் உட்காரவைத்துவிடுவார்கள். சுப்புலட்சுமியின் பெற்றோர் அப்படிச் செய்யவில்லை. படிக்க வைத்தார்கள். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவர்.

1912-ல் எழும்பூரில், தம்மைப் போன்ற சில இளம் விதவைகளைத் தம்மோடு வைத்துப் படிக்கவைக்க ஆரம்பித்தார். எண்ணிக்கை கூடக் கூட இடம் போதவில்லை. வீட்டுக்காரர்கள் சுலபமாக இடம் கொடுக்கக்கூடிய விஷயமும் அல்ல. "காலையில் எழுந்ததும் எதிரே வரக்கூடாது" என்று ஊர் ஒதுக்கிய பெண்கள் கூட்டமாக ஒரு தெருவில் குடியிருந்தால் அந்தத் தெரு என்ன பேசும் என்று நினைத்துப் பாருங்கள். ஊரின் ஓரத்தில், கடலைப் பார்த்துத் தனியாக நின்ற இந்தப் பெரிய கட்டடம் அவர்களுக்குக் கிடைத்தது. அரசாங்கம் 1917-ல் அதை விலைக்கு வாங்கியது. அங்கே விதவைகள் இல்லம் நடந்தது.

இப்போது கட்டடத்தைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். தடித்த சுவர், கடல் பக்கம், நடுவில் பெரிய கூடங்கள், சுற்றிலும் தாழ்வாரம். ஐஸைக் காப்பாற்றக் கட்டிய தடித்த சுவர் இந்தப் பெண்களை ஊர் வாயிலிருந்து காப்பாற்றியது. வக்கீல் வைத்த ஜன்னல்கள் வழியாகக் கடற்காற்று வந்தது. யாரோ யாருக்காகவோ செய்தது, அவர்கள் கற்பனையே செய்யாத ஆட்களுக்கு உதவியது.

அங்கிருந்த பெண்கள் பள்ளிக்கூடம் போனார்கள், ஆசிரியைகள் ஆனார்கள். 1922-ல் அருகிலேயே லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது சுப்புலட்சுமி அதன் முதல்வரானார். பிறகு இந்தக் கட்டடம் பயிற்சி பெறும் ஆசிரியைகளின் விடுதியாகவும் இருந்தது. தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்ப் பள்ளிகளுக்கு டீச்சராகப் போனவர்கள் இந்தத் தாழ்வாரத்தில் நோட்டுப் புத்தகம் வைத்துப் படித்தவர்கள்.

1963-ல் விவேகானந்தர் நூற்றாண்டை ஒட்டி அரசு இதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் சூட்டியது. 1997-ல் ராமகிருஷ்ண மடத்தின் பொறுப்பில் கொடுத்தது. மடம் பழுது பார்த்துக் கண்காட்சி அமைத்து 1999 டிசம்பரில் திறந்தது. இன்று நாம் டிக்கெட் எடுத்துப் பார்ப்பது அதைத்தான். நல்ல பராமரிப்பு, நல்ல கண்காட்சி, குழந்தைகளை அழைத்துப் போக ஏற்ற இடம்.

ஒரு கணக்கர் புத்தியோடு இதைக் கூட்டிப் பார்த்தேன். ஐஸ் இருந்தது சுமார் 35 வருடம். மடம் இருந்தது 10 வருடம். விவேகானந்தர் தங்கியது ஒன்பது நாள். பெண்கள் தங்கிப் படித்தது பல பத்தாண்டுகள். கட்டடத்துக்கு இதுவரை வந்த பெயர்கள் மூன்று: ஐஸ் ஹவுஸ், காசில் கெர்னன், விவேகானந்தர் இல்லம். அந்தப் பெண்களால் வந்த பெயர் ஒன்றுகூட இல்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. மகான் ஒன்பது நாள் தங்கினால் அந்த இடத்துக்கு அவர் பெயர் வைப்பது நம் மரபு. அந்தப் பெயரால்தான் கட்டடம் இடிபடாமல் தப்பித்தது என்றும் சொல்லலாம். ஆனால் பெயர்ப் பலகையை மட்டும் படித்துவிட்டு வருகிறவர் வீட்டின் வாழ்க்கையில் பெரும்பகுதியைப் படிக்காமல் வருகிறார். பலகை ஒரு வரியைச் சொல்லும். மீதி ஜன்னலிலும் தாழ்வாரத்திலும் ஆட்களின் நினைவிலும் இருக்கிறது.

நம் ஊரில் என்ன இருக்கிறது?

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு பழைய கட்டடத்தைப் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கைலாசநாதர் கோயிலுக்கு மட்டும் 1,300 வயது. அங்கேயே ஒரு பாடம் இருக்கிறது. பிற்காலத்தில் சுவர்களின் மேல் சுதை பூசிக்கொண்டே வந்தார்கள். 1931-ல் பிரெஞ்சு அறிஞர் ஜுவோ துப்ரேய், சிறு சன்னதிகளின் உள்ளே பல்லவர் காலத்து ஓவியங்களின் மிச்சத்தைக் கண்டார். மேல்பூச்சைத் தாண்டிப் பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது. அடுத்த முறை போகும்போது சுற்றியுள்ள சிறு சன்னதிகளுக்குள் குனிந்து பாருங்கள்.

கோயிலுக்குத் தொல்லியல் துறை இருக்கிறது. பெரிய மனிதர் வீட்டுக்கு அரசு இருக்கிறது. நம் ஊரில் அண்ணா வளர்ந்த வீடு நினைவு இல்லமாக இருப்பதை அறிவீர்கள். நெசவாளர் குடும்பத்தில் பிறந்த ஒருவர் முதலமைச்சர் ஆனதால் அந்த வீடு நிலைத்தது. அதே மாதிரி மற்ற நெசவாளர் வீடுகள்?

நம்மில் பாதிப் பேருக்கு மேல் அப்படி ஒரு வீட்டிலிருந்துதான் இந்த பிளாட்டுக்கு வந்திருக்கிறோம். குறுகிய முகப்பு, நீளமான உள்பக்கம். வாசலில் திண்ணை. உள்ளே நுழைந்ததும் தறிக்கூடம். தரையில் குழி வெட்டி, அதில் கால் தொங்கப் போட்டு மிதிக்கட்டையை மிதித்து நெய்யும் குழித்தறி. பிறகு முற்றம், சமையல்கட்டு, கிணறு. விடிகாலையில் தெருவில் பாவு நீட்டி வேலை நடக்கும்போது சைக்கிளில் போகிறவர்கூட இறங்கித்தான் நடக்க வேண்டும். வீட்டின் அளவை நிர்ணயித்தது மனிதர்கள் அல்ல, தறி. ஜக்கார்டு பெட்டி வந்தபோது தறிக்கு மேலே அதைத் தூக்கி வைக்க உயரம் போதாமல் கூரையை உயர்த்திய வீடுகளும் உண்டு. அந்த வீட்டின் சுவரில் பழைய உத்திரம் இருந்த ஓட்டை, இப்போதைய கூரைக்குக் கீழே மூடியபடி தெரியும். கடையாகிவிட்ட வீடுகளில் தரையைப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சிமெண்ட் நிறம் வேறாக, நீள்சதுரமாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் மூடிய தறிக் குழி.

எங்கள் வீடு

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு அப்படித்தான் இருந்தது. தாத்தா காலத்தில் தறி ஓடியது. அப்பா தறியை நிறுத்திவிட்டுப் பட்டு ஏவாரக் கணக்கு எழுதப் போனார். குழியை மண் போட்டு மூடினார்கள். திண்ணையைத் தடுத்து ஒரு சைக்கிள் கடைக்கு வாடகைக்கு விட்டோம். தறிக்கூடத்தில் அக்கா சில வருடம் டியூஷன் எடுத்தாள். அதற்குப் பிறகு ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. கிடங்கு, வீடு, மடம், விடுதி என்று ஐஸ் ஹவுஸ் மாறினதைப் போல எங்கள் வீடும் தன் அளவுக்கு மாறியிருக்கிறது.

பாகப்பிரிவினைக்குப் பிறகு ஒரு பில்டரிடம் கொடுத்தோம். ஒரே நாளில் சார்பதிவாளர் அலுவலகத்தில் நாங்கள் அனைவரும் கையெழுத்துப் போட்டோம். இடித்து முடிக்க நான்கு நாள் ஆனது. நிலையையும் கதவையும் பழைய மரச்சாமான் வாங்குபவர் எடுத்துப் போனார். விலை நியாயமாகவே கொடுத்தார்.

இரண்டு வருடத்துக்கு முன் என் பேத்தி பள்ளியில் "எங்கள் பூர்வீக வீடு" என்று படம் வரைந்து வரச் சொன்னார்கள். நான் பென்சில் எடுத்து வரைய உட்கார்ந்தேன். திண்ணை, நடை, கூடம் வரைந்தேன். தறிக் குழியைத் தெற்குச் சுவரை ஒட்டிப் போட்டேன். சரிபார்க்கலாம் என்று அண்ணனுக்குப் போன் செய்தேன். "வடக்குச் சுவருடா. குழியில உட்கார்ந்தா ஜன்னல் வெளிச்சம் இடது தோள் மேல விழும்" என்றார். அக்காவைக் கேட்டேன். "இரண்டு தறி இல்லையா?" என்றாள்.

ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்த மூன்று பேர். மூவருக்கும் நினைவு நன்றாகவே இருக்கிறது. ஆனால் தறி எங்கே இருந்தது என்பதை இனி முடிவு செய்ய வழியில்லை. பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். கிழமேல் எத்தனை அடி, தென்வடல் எத்தனை அடி, ஓட்டு வீடு, கிணற்றில் பாதி பாத்தியம், மேற்கே பொதுச் சுவர் எல்லாம் இருக்கிறது. தறி இல்லை. வீட்டில் எடுத்த போட்டோக்கள் இருக்கின்றன. அத்தனையும் கல்யாணப் போட்டோ. சுவர் தெரியாதபடி ஜமுக்காளம் கட்டியிருக்கிறது.

முப்பது வருடம் பிறர் வீட்டு அளவுகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். சொந்த வீட்டில் ஒரு நாள் டேப் பிடித்து அளக்கத் தோன்றவில்லை. வீட்டை விற்றதற்கு நான் வருத்தப்படவில்லை. பிள்ளைகளின் படிப்புக்கு உதவியது, லிப்ட் உள்ள வீட்டில் நிம்மதியாக இருக்கிறேன். அளக்காமல் விட்டதற்குத்தான் வருத்தம். அதற்குச் செலவு ஒரு சாயங்காலம்தான்.

ஒரு சாயங்கால வேலை

நம் குடியிருப்பில் இன்னும் சிலருக்கு ஊருக்குள் பழைய வீடு இருக்கிறது. விற்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கொடுப்பதற்கு முன் நான்கு காரியம் செய்துவிடுங்கள்.

முதலில், இரண்டு பேர் சேர்ந்து டேப் பிடித்து அளந்து ஒரு தாளில் தளவரைபடம் போடுங்கள். அறையின் நீள அகலத்தோடு சுவரின் கனம், வாசல், ஜன்னல் இடம், கூரை உயரம் எல்லாம் வேண்டும். ஒவ்வொரு அறையிலும் யார் காலத்தில் என்ன நடந்தது என்று அந்தந்த அறைக்குள்ளேயே எழுதுங்கள். பிறந்த அறை, தறி, கடை, டியூஷன், வாடகை எல்லாமும்.

இரண்டாவது, போட்டோ. வாசலில் குடும்பத்தோடு நின்று எடுப்பது போதாது. ஒவ்வொரு அறைக்கும் நான்கு மூலை, தரை, கூரை. மூடிய வாசல், நிறம் மாறிய தரை இருந்தால் பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுங்கள்.

மூன்றாவது, பழைய மூலப்பத்திரங்களைப் பில்டரிடம் கொடுக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுங்கள். சொத்து விவரப் பகுதியில் ஓட்டு வீடு மச்சு வீடானது, காலி மனையில் அறை முளைத்தது எல்லாம் வரிசையாக இருக்கும்.

நான்காவது, வீட்டில் மூத்தவர்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்த்து உட்கார வைத்தால் பெரியவர் சொன்னதையே மற்றவர்கள் ஆமோதிப்பார்கள். அவர்கள் வீட்டுக்குள் நடந்து காட்டச் சொல்லுங்கள். வீடு நிற்கும்போது கேட்டால் சந்தேகத்தைச் சுவரே தீர்த்து வைக்கும். இடித்த பிறகு கேட்டால் என் அண்ணனும் நானும் அக்காவும் மாதிரி ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சங்க அலுவலகத்தில் ஒரு பெரிய நோட்டும் 30 மீட்டர் டேப் ஒன்றும் வைத்திருக்கிறேன். செயலாளர் ஒப்புதல் தந்திருக்கிறார். வரைபடத்தின் நகலை அந்த நோட்டில் ஒட்டி வைக்கலாம். அளக்க ஆள் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் வருகிறேன். ஜன்னலைப் பற்றிக் கேட்ட அந்தப் பையனும் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க வருவதாகச் சொல்லியிருக்கிறான்.